கல்வெட்டில் இல்லாத கனகாங்கி

பெயரைச் சொன்னதும் அம்முலு அழ ஆரம்பித்துவிட்டாள்.

வேதகிரி இதை எதிர்பார்க்கவில்லை. "வாயில நொழையல" என்பாள், "உங்க அக்கா ஒத்துக்க மாட்டாங்க" என்பாள் என்று நினைத்து இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். அழுகைக்குப் பதில் தயாரிக்கவில்லை.

"இன்னாமே, பொண்ணுக்குக் கனகாங்கின்னு பேரு வெக்கலாமான்னுதானே கேட்டேன்?"

அம்முலு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு குலுங்கியது. தூளியில் குழந்தை, பேச்சு தன்னைப் பற்றியது என்பது தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

"கல்யாணத்தோட போச்சின்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீங்க மனசுலயே வெச்சிக்கினு இருந்திருக்கீங்க" என்றாள்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன் வேதகிரி. அவனுக்குப் பயம் வந்தால் வயிற்றில் செயின் அறுந்தாற்போலத்தான் வரும். இப்போது அறுந்தது. இவளுக்கு யார் சொன்னார்கள்? அவன் யாரிடமும் மூச்சு விட்டதில்லையே.

விட்டதில்லை என்றால், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது மட்டும் விடுவான். பம்பு இறங்கும்போது 'கனக', ஏறும்போது 'ஆங்கி'. வாடிக்கைக்காரர்கள் அது மூச்சிரைப்பு என்று நினைத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பார்வேட்டைத் திருவிழா. காஞ்சிபுரத்துப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு வந்திருந்தார். ஜனமெல்லாம் பாலாற்று மணலில். வேதகிரி கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். மேளச் சத்தத்துக்கு நடுவே, தகரத்தைக் கிழித்தாற்போல ஓர் ஆண்குரல், "கனகாங்கீ! ஏ கனகாங்கீ!" என்று அலறியது. அடுத்த கணம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பச்சைத் தாவணி ஓடியது. நீளச் சடை. சடையில் சாமந்தி. மணலில் பட்டும் படாமலும் இரண்டு பாதங்கள். முகம் தெரியவில்லை. மலைப்பக்கம் போய் மறைந்துவிட்டாள்.

அவ்வளவுதான். அவன் காதலின் மொத்த நீளம், ஒரு கரும்புக் கணுவை மென்று துப்புகிற நேரம்.

அப்பன் தொண்டை கிழியக் கூப்பிட்டும் நிற்காமல் ஓடுகிற பெண்ணை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை. வருஷா வருஷம் பார்வேட்டைக்குப் போய் மணலில் நின்றான். பச்சைத் தாவணிகள் வந்தன, போயின. எல்லாம் நடந்தே போயின. பிறகு சாலவாக்கத்திலிருந்து அம்முலுவைக் கட்டி வைத்தார்கள். தாயில்லாப் பெண், நல்ல பெண். கூப்பிட்டால் நிற்பாள். அதுதான் குறை.

அவன் ஒன்றும் பெரிதாக ஆசைப்படவில்லை. அந்தப் பெயரைத் தன் வீட்டில், வாய்விட்டு, உரிமையோடு ஒரு தடவை கூப்பிட வேண்டும். மகள் பிறந்ததும் அதற்கு வழி பிறந்தது என்று நினைத்தான்.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு இந்தப் பேர?" அம்முலு மூக்கைச் சிந்தினாள்.

"யாரு சொல்லணும்? நம்ம பெருமாள் கோயில் கல்வெட்டுல கீது. சோழ ராணி. ஏரி வெட்டினவ."

அம்முலு திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு. "ராணிதான். அந்த நடையப் பார்த்தா யாரும் ராணின்னுதான் சொல்லுவாங்க."

நடை வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறாள்!

"எங்க நைனா பேர் வெக்கறதுக்கு வருவாரில்ல? எல்லார் எதிர்லயும் அவரையே கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாமனாரை வைத்துப் பஞ்சாயத்து! வேதகிரிக்கு இனி ஒரே வழி, ராணியைக் கெட்டிப்படுத்துவது.

குழந்தையின் காதில் பெயரைச் சொல்வது அத்தையின் உரிமை. அந்த அத்தை, வேதகிரியின் அக்கா சிட்டம்மாள், காலமான தன் தாயார் பாஞ்சாலியின் பெயரைத்தான் சொல்வதாக இருந்தாள்.

"இன்னாடா பேரு அது, கஞ்சியில கல்லு வுழுந்தாப்புல?"

"கனகம்னா தங்கம்க்கா. தங்கத்தாட்டம் ஒடம்புக்காரின்னு அர்த்தம். சோழ ராணி."

சிட்டம்மாள் யோசித்தாள். "நம்ம வம்சத்துக்கும் அவளுக்கும் எதுனா சம்பந்தம் கீதா?"

"இருக்கலாம்" என்றான் வேதகிரி.

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சிட்டம்மாள் தெருவில் நடக்கும் விதமே மாறிவிட்டது. தண்ணீர்க் குடத்தைக்கூடக் கிரீடம் போல் தூக்கிவந்தாள்.

விஷயம் ராஜாராம் வாத்தியார் காதுக்கு எட்டியது. அவர் ஊர்ப் பெருமையில் ஊறியவர். நேராகக் கோயிலுக்குப் போய்ச் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வேதகிரி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினான்.

"சார், அது மேல் வரிசையில, மழையில அழிஞ்சிருக்கும்..."

"எங்க அழிஞ்சிது? தெளிவா கீதே!" என்றார் வாத்தியார். அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஒரு ராணி இருந்தாள் என்று ஒப்புக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்தது. "ஏரி மட்டுமில்லப்பா, மதகும் அவதான் கட்டினா."

அதன்பிறகு ராணியைப் பிடிக்க முடியவில்லை. நாஷ்டா கடை கோபால், தேவகி என்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த தன் மகளைக் கனகாங்கியாக்கினான். நடவுக்குப் போகும் பாக்கியமேரி தன் பேத்திக்குக் கனகாங்கி மேரி என்று ஞானஸ்நானத்துக்குச் சொல்லிவைத்தாள்.

"உனக்கு எதுக்கு இந்தப் பேரு?" என்று கேட்டேவிட்டான் வேதகிரி. அழாத குறை.

"ஏன், ராணி இன்னா உங்க வூட்டுக்கு மட்டுமா ஏரி வெட்னா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்க்கொண்டே இருந்தாள்.

வருஷக்கணக்காக நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பெயர், இப்போது தெருவில் உருண்டது. "ஏ கனகாங்கி, சாக்கடையில கை வெக்காதடி!" "கனகாங்கி, மூக்க தொடச்சிக்க!" ஒவ்வொரு தடவையும் வேதகிரி பம்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். மணல் இருக்காது, சாமந்தி இருக்காது. மூக்கொழுகும் ஒரு முகம் இருக்கும். பாலாற்றில் ஓடிய பச்சைத் தாவணி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.

கடைசி ஆணியை அடித்தவர் நாயனக்காரர் பாண்டுரங்கன். பெயர்வைப்புக்கு மேளம் பேச வேதகிரி போன இடத்தில், பெயரைக் கேட்டதும் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார்.

"கனகாங்கியா? அது ராகமாச்சேப்பா. வாசிச்சா வாசிச்சவனுக்கும் ஆகாது, கேட்டவனுக்கும் ஆகாதும்பாங்க. எங்க ஆளுங்க சும்மா பேருக்குக்கூட அதைத் தொடமாட்டாங்க. வாலாஜாபாத்துல ஒருத்தர் மட்டும் துணிஞ்சி வாசிச்சாரு."

"அவருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் ஆவல. வீம்புக்காரரு."

இதில் முதல் பாதி மட்டும் சிட்டம்மாள் காதுக்குப் போயிற்று. கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தாள். "பாஞ்சாலி! இல்லன்னா நான் காதுல எதையும் சொல்ல மாட்டேன்!"

வேதகிரிக்கு உண்மையில் நிம்மதியாக இருந்தது. பெயர் போனால் போகட்டும். பஞ்சாயத்தும் போகும். மிச்சமிருக்கும் அந்த முதுகையாவது மனசுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போய், "பாஞ்சாலின்னே வெச்சிடலாம்மே" என்றான்.

அம்முலு கரண்டியோடு எழுந்தாள். கூப்பிட்டால் நிற்கிற அம்முலு இல்லை இது.

"வெச்சா அந்தப் பேருதான். இல்லன்னா கொழந்தைய தூக்கிக்கினு எங்க நைனா வண்டியில ஏறிடுவேன். நீங்க கூப்புட்டாலும் நிக்க மாட்டேன்!"

புரிந்துவிட்டது. தண்டனை. ஆயுசு முழுக்க, நாளுக்குப் பத்துத் தடவை, அந்தப் பெயரை அவன் எதிரிலேயே கூப்பிட்டு அவனைக் கொல்லப்போகிறாள். வேதகிரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் வற்புறுத்திப் போட்டதால் கொஞ்சம் சாப்பிட்டான்.

சிட்டம்மாளை அம்முலுவே சமாளித்தாள். என்ன சொன்னாளோ, அக்கா அன்று முழுக்க வேதகிரியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

பெயர்வைப்பு அன்று கூடத்தில் தெருவே இருந்தது. வாத்தியார் ராணியைப் பற்றிப் பேசத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். சாலவாக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் மாமனார் வந்து இறங்கினார். அவர் பெயர் சின்னப்பையன், வயது அறுபது. பெண் பிறந்த செய்தி மட்டும்தான் அவருக்குப் போயிருந்தது, பெயர் போகவில்லை.

சிட்டம்மாள் குழந்தையின் காதில் குனிந்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி, "கனகாங்கி! கனகாங்கி! கனகாங்கி!" என்றாள்.

மாமனார் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்து விழுந்தது.

வேதகிரி தலையைக் குனிந்துகொண்டான். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, முதுகு மட்டும்தான் என்று சொன்னால் நம்புவார்களா?

"நைனா," அம்முலு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கோசரம் ஒரே ஒரு பேர மனசுல வெச்சிக்கினு, ராணி கீணின்னு ஊரெல்லாம் பொய் சொல்லி, அதையே வெச்சிட்டாரு பாரு. நீதானே இவருக்குச் சொன்ன?"

"நான் எங்கம்மா சொன்னேன்?" என்றார் மாமனார், தகரத்தைக் கிழித்தாற்போன்ற குரலில். "உன் கல்யாணச் செலவுக்கு வித்தமே அந்தச் செவலப் பசு, வாலாஜாபாத் நாயனக்காரர் வீம்புக்குப் பேரு வெச்சி வளத்தது, அத நாம வாங்கிக்கினு வர்றப்போ, பார்வேட்டை கூட்டத்துல அது கயித்த அறுத்துக்கினு ஓடிச்சே, நான் 'கனகாங்கி, கனகாங்கி'ன்னு கத்தக் கத்த, பச்சத் தாவணி பறக்க அது பின்னாலயே மலை வரைக்கும் ஓடினது நீதானே, நீ சொல்லலியா?"