அத்தையின் முதுகில் பதிந்த தரை

எனக்கு வரையத் தெரியாது என்பது எனக்குத் தெரிவதற்கு முன்பே கிள்ளானில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. காரணம், என் அத்தையின் முதுகு.

எண்பதுகளில் மலேசியாவின் துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போவேன். அங்கே ஒரு புடவைக் கடை மாடியில் ரோஸ் அக்கா எண்ணெய் ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தீபாவளிக்குள் ஒரு படம் ஹாலில் தொங்க வேண்டும். கேரித் தீவிலிருந்து வரும் அத்தை (அப்பாவின் அக்கா, அவர் சொன்னால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது) பார்த்து "சரி" என்றால் வகுப்பு தொடரும். இல்லையென்றால் தையல் கிளாஸ்.

மற்றவர்கள் வாழைப்பழத்தில் ஆரம்பித்தார்கள். நான் (திமிர்தான், வேறென்ன) ஒரு பழைய காலண்டரில் இருந்த முந்நூறு வருடத்து டச்சு ஓவியத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஜன்னலோரம் ஒரு பெண் துணி மடிக்கிறாள். பின்னால் திறந்த கதவு, அதற்குள் இன்னொரு அறை, அங்கேயும் ஒரு ஜன்னல். தரை முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கல்.

"முடியுமா உனக்கு?" என்றார் ரோஸ் அக்கா.

"ரூம்தானேக்கா. வெள்ளைச் சுவரு. ஈசிலா."

அந்த வெள்ளைச் சுவர் என்னை இரண்டு மாதம் அழவைத்தது. பார்க்கப் பார்க்க அதில் வெள்ளையே இல்லை. ஜன்னலருகே மஞ்சள், கொஞ்சம் தள்ளி நீலம், மூலையில் லேசாக ரோஸ். இத்தனையும் சேர்ந்து சும்மா ஒரு சுவராக நிற்கிறது! அதை வரைந்த டச்சுக்காரர் எந்தக் கண்ணால் பார்த்தாரோ. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்தால் எங்கள் அடுப்படிச் சுவரிலும் அதே நீலம். இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

தரைக்கு வரும்போது தீபாவளிக்கு மூன்று வாரம். வண்ணத்தில் கலக்கும் லின்சீட் எண்ணெய் தீர்ந்துவிட்டது, ரோஸ் அக்காவோ வெளியூரில். அடுப்படியில் தீபாவளிக் குளியலுக்கு அம்மா வாங்கிவைத்த நல்லெண்ணெய் இருந்தது. எண்ணெய்தானே! தாராளமாகக் கலந்தேன். (லின்சீட் காயும், நல்லெண்ணெய் ஜென்மத்துக்கும் காயாது என்பது பிறகுதான் தெரிந்தது.) தரை பளபளத்த அழகில் தொட்டுப் பார்க்கவே மனசு வரவில்லை.

தீபாவளியன்று அத்தை சந்தன நிறப் பட்டில் வந்தார். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் கீழிருந்த சோபாவில் உட்கார்ந்து, தாழ்வாகத் தொங்கிய படத்தின் தரை மேலேயே சாய்ந்தார். 'பச்சக்' என்று ஒரு சத்தம். முறுக்கு தின்றுவிட்டு எழுந்தார். முதுகில் பன்னிரண்டு கட்டம். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. அம்மா பார்த்தார், அப்பா பார்த்தார், சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அத்தை அந்த முதுகோடு பக்கத்து ஊரான மேருவில் இரண்டு வீட்டுக்கும் கோயிலுக்கும் போய்வந்தார்.

சாயங்காலம் வாசலிலேயே கத்தினார். "மேருல ஒருத்தி கேக்குறா, இந்த டிசைன் எந்தக் கடைன்னு!"

நான் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். தையல் மிஷின் ஓடும் சத்தம் இப்போதே காதில் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை படத்தின் முன்னால் நின்றார். அதன் தரையில் அவர் பட்டின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. அவர் பார்த்தது அதையல்ல.

"இங்க வாடி. இந்தச் சுவரு வெள்ளை இல்லையே?"

"இல்லத்தே."

"நீலமால்ல இருக்கு. ஆனா வெள்ளையாத்தான் தெரியுது. எப்படிடி?"

"தெரியலத்தே. அவரு போட்டதப் பாத்துப் போட்டேன்."

அத்தை அப்பா பக்கம் திரும்பினார். "கிளாசுக்குப் போகட்டும்டா. எப்படின்னு கேட்டுட்டு வரட்டும்."

இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். படம் அத்தை வீட்டு ஹாலில் இருக்கிறது, அதன் தரை இன்னும் பிசுபிசுக்கிறது. எங்கள் குடும்பத்தில் யாரும் "காஞ்சிருச்சா?" என்று கேட்காமல் எந்தச் சுவரிலும் சாய்வதில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சோபா நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தபோது, எண்பதைத் தாண்டிய அத்தைதான் சொன்னார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்தச் சுவரு இவ வரைஞ்சது இல்ல."