திருப்பி மாட்டிய பிளைண்ட்ஸ்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள், என் மனைவி இப்போது உங்கள் வீட்டில்தானே தூங்குகிறாள். போனில் உங்களிடம் பேசும் துணிவு எனக்கு இனி இல்லை, அதனால் கடிதம்.

மாப்பிள்ளை, அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், என் பக்கத்தையும் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்ஸுக்குப் பகலில்தான் தூக்கம். நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து அந்தத் தூக்கத்துக்கு நான்தான் காவல். மிக்சி போட மாட்டேன், அழைப்பு மணியைக் கழற்றி வைத்துவிட்டேன், கதவை லேசாகத் திறந்து தூங்கிவிட்டாளா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டுதான் வேறு வேலை பார்ப்பேன். அப்படியிருக்க, படுக்கையறை ஜன்னலில் திரைக்குப் பதில் பட்டை பட்டையாகத் தொங்கும் பிளைண்ட்ஸ் மக்கர் செய்தது. பட்டைகளைத் திறந்து மூடும் குச்சியைத் திருகினால் குச்சி மட்டும் சுற்றுகிறது, பட்டைகள் அசைவேனா என்கின்றன, வெயில் நேராக அவள் முகத்தில். மேல் சட்டத்துக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரப் பெட்டி தேய்ந்துவிட்டது, அதை மாற்றினால் போதும் என்று கடைக்காரர் புதியதைக் கொடுத்தார்.

அவரையே மாட்டச் சொல்லியிருக்கலாம். புத்தி கெட்டுப்போய் உங்களுக்குப் போன் செய்தேன். "ஒண்ணுமில்ல அத்தான், கம்பியை உருவிட்டுப் பழசைக் கழட்டுங்க, புதுசைத் திருப்பி மாட்டுங்க, அவ்வளவுதான்" என்றீர்கள். திருப்பி மாட்டினேன். முன்பக்கம் இருக்க வேண்டியதைப் பின்பக்கமாகத் திருப்பி. அது உட்கார மறுத்தது. சொன்னவர் விஷயம் தெரிந்தவர் என்று நம்பி, சுத்தியலால் தட்டித் தட்டி உட்காரவைத்தேன். மறுபடி மாட்டுங்கள் என்பதைத்தான் நீங்கள் அந்த லட்சணத்தில் சொல்லியிருக்கிறீர்கள் என்பது, குச்சி கண்ணாடிப் பக்கம் தெருவைப் பார்த்துத் தொங்கியபோதுதான் உறைத்தது. இப்போது பெட்டி வெளியே வர மாட்டேன் என்கிறது.

ஆகவே பட்டையை மூட நான் தெருவுக்குப் போய், ஜன்னல் கதவைத் திறந்து, வெளியிலிருந்து திருக வேண்டும். உள்ளே வந்து இருட்டு போதுமா என்று அவளைக் கேட்க வேண்டும். பதில் இல்லாவிட்டால் மறுபடி தெருவுக்கு. எதிர்வீட்டுக்காரர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நேற்று கூரியர்காரர் வந்து மணியைத் தேடியிருக்கிறார், திறந்துகிடந்த ஜன்னலில் தொங்கிய இந்தக் குச்சிதான் மணி போலும் என்று திருகியிருக்கிறார். உங்கள் அக்கா கண் விழித்தபோது பட்டைகளுக்கு நடுவே ஒரு மீசை தெரிந்திருக்கிறது. தலையணையை எடுத்துக்கொண்டு வண்டி பிடித்து அங்கே வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை, என்னால் முடியவில்லை. அவள் இல்லாத பகல் போகவே மாட்டேன் என்கிறது. மிக்சியைக்கூடச் சும்மா போட்டுப் பார்த்தேன், ஒரு சந்தோஷமும் இல்லை. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டாவது இருட்டாக்கித் தருகிறேன், நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

உங்கள் துணைவியாருக்கு என் விசாரிப்பு. குழந்தைகளுக்கு என் பூரண ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
தெருவில் நிற்கும் உங்கள் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அவளே வந்துவிட்டாள், மாற்றுச் சீருடை எடுக்க. கட்டிலில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்து, முகம் நிறைய வெயிலோடு, குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் இந்தக் கடிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அந்தப் பக்கமே போகவில்லை. எழுந்ததும், இத்தனை வெளிச்சத்தில் எப்படித் தூங்கினாய் என்று கேட்டேன். "வெளிச்சம் என்னை என்ன பண்ணுது? தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு எழுப்பத்தான் இன்னிக்கு ஆள் இல்லையே" என்றாள். ஆகவே அவளை அனுப்பச் சொன்னதை விட்டுவிடுங்கள். நாளை முதல் பகலில் நான் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளலாமா என்று மட்டும் உங்கள் வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.