பெருமாளுக்கு முதுகு காட்டாத கார்

தர்மமாக ஒரு பொருளைக் கொடுத்துவிடுவது சுலபம். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன் கதியை யாரும் நினைப்பதில்லை. நான் ஒரு முறை அப்படிச் சேர்த்திருக்கிறேன். பொருள் போய்ச் சேர்ந்தது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் அதுவரை ஒரு சுவர் இருந்தது.

ஐம்பதுகளின் கடைசி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் அதை விட்டதாகச் சொல்லிக்கொள்வது வழக்கம்). அப்புறம் மணப்பாறைச் சந்தையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு டீ ஆற்றினேன், லாரி கிளீனராக ஊர் ஊராகப் போனேன். எங்கேயும் துவைத்த வேட்டி காயும் நேரத்துக்கு மேல் தங்கியதில்லை. தூக்கம் லாரி மூட்டைகளின் மேல், சாப்பாடு கிடைத்தபோது. இதில் பெரிய வருத்தம் ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் மட்டும், கூரை உள்ள வேலையாக ஒன்று கிடைத்தால் தேவலை என்று தோன்றும்.

அந்தக் கூரை, பாலக்கரையில் தோல் மண்டி வைத்திருந்த காதர் ராவுத்தர் மூலமாக வந்தது. அவரிடம் ஒரு குட்டிக் கார் இருந்தது. நாலு பேர் உட்காரலாம், நாலு பேரும் ஒல்லியாக இருந்தால். அவர் வீட்டில் அதற்குப் பெயர் குருவி. பெரிய கார் வாங்கியதும் குருவியை விற்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் இலவச வைத்தியசாலை நடத்திவந்த டாக்டர் வரதாச்சாரியாருக்குத் தர்மமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். கொள்ளிடக்கரை கிராமங்களுக்குப் பிரசவம் பார்க்க டாக்டர் குதிரை வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார். குதிரைக்கும் வயதாகிவிட்டது.

மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னை ராவுத்தர் கூப்பிட்டார்.

“தம்பி, கார் ஓட்டுவியா?”

“ஓட்டுவேங்க.”

(லாரி டிரைவர் தூங்கும்போது ஷெட்டுக்குள் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஓட்டியதுதானே.)

“அப்ப இதைக் கொண்டுபோய் விட்டுட்டு அங்கேயே இருந்துக்க. டாக்டர் சாமிக்கு டிரைவர் வேணுமாம். தங்க ரூம் உண்டு, சாப்பாடு உண்டு. ஆனா வண்டி வந்து நிக்கிற அழகைப் பாத்துட்டுத்தான் ஆளை வச்சுக்குவேன்னு சொல்லியிருக்காரு. பாத்துக்க.”

ஒழுங்காகக் கொண்டுபோய் நிறுத்தினால் கூரை. இல்லாவிட்டால் மறுபடியும் மூட்டை மேல் படுக்கை.

மண்டிக் கணக்குப்பிள்ளை பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள் குறித்தார். அன்று காலை காருக்குச் சாமந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஏறி உட்காரப் போனபோது ராவுத்தர் தடுத்தார்.

“இருப்பா. தர்மத்துக்குக் குடுக்கிற சாமானை வெறுமையா அனுப்பக் கூடாதும்பாங்க எங்க வீட்டுல.”

வெறும் பாத்திரத்தைக்கூட ஒரு பிடி அரிசி போட்டுத்தான் கொடுப்பார்களாம். இது பாத்திரம் இல்லை, கார். அதனால் பின் சீட்டில் அரிசி மூட்டை ஏறியது, அதன்மேல் வெல்லம் ஏறியது. ஒரு முழுப் பூவன் தாருக்கு உள்ளே இடமில்லை. அதை பானெட்டின் மேல் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். எனக்கு ரோடு பாதி தெரிந்தது, பழம் முழுசாகத் தெரிந்தது.

காவேரிப் பாலம் வரை ஒரு குறையும் இல்லை. மாட்டு வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின, போகட்டும். அந்த நாளில் கட்டி முடியாமல் மொட்டையாக நின்ற கோபுரத்தின் வாசலில் நுழைந்து, சித்திரை வீதிக்கு வந்து சேர்ந்தபோது மனசுக்குள் நான் ஏற்கெனவே டிரைவர். கையை வெளியே போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

“யாருப்பா அது, ஆஸ்பத்திரிக் காரா?” என்று ஒரு பூக்காரம்மா கேட்டாள். “ஆஸ்பத்திரி பின்னாலயே போயிடுச்சே.”

பழத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததில் போர்டை விட்டுவிட்டேன். அதே சமயம் எதிரே வீதி முனையில் நாதஸ்வரம் கேட்டது. கணக்குப்பிள்ளை பார்த்த நல்ல நாள் பெருமாளுக்கும் நல்ல நாள் என்பது அப்போதுதான் புரிந்தது. புறப்பாடு திரும்பி வந்துகொண்டிருந்தது. முன்னால் யானை, அதன் பின்னால் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டி, அதற்கும் பின்னால் பல்லக்கில் பெருமாள். வீதி நிறைய ஜனம். வண்டியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் கியர் போட்டேன்.

ரிவர்ஸில் எனக்கு அனுபவம் உண்டு. லாரிக்குப் பின்னால் நின்று “வரலாம், வரலாம்” என்று கத்துகிற அனுபவம். அன்றைக்குப் பின்னால் அப்படிக் கத்த யாரும் இல்லை. அது போகட்டும் என்றால், கியர் ‘கடக்’ என்று விழுந்தது விழுந்ததுதான். இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். மாட்டிக்கொண்டு விட்டது.

யானை பழத்தைப் பார்த்துவிட்டது.

“வண்டியை எடுப்பா,” என்றார் பாகன் மேலிருந்து. “பழத்தைக் கண்டுருச்சு. இனிமே நான் சொன்னாக் கேக்காது.”

நான் பின்னால் போனேன், அது முன்னால் வந்தது. நான் நின்றேன், அது நிற்கவில்லை. பழத்தோடு பானெட்டையும் பிடுங்கிவிட்டால் தர்மம் பாதிதான் போய்ச் சேரும். அதனால் நிற்காமல் பின்வாங்கினேன். வழி பார்க்கத் தலையைத் திருப்பினேன். ஓரமாக நின்ற ஒரு மாமி விடவில்லை.

“ஏண்டாப்பா, பெருமாள் எழுந்தருளிண்டிருக்கார். அவருக்கு முதுகைக் காட்டிண்டு அங்க என்ன வேடிக்கை?”

அவள் சொன்னது நியாயம். பெருமாளுக்கு எதிரில் இருந்த யாரும் திரும்பி நடக்கவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தபடியே பின்னால் அடியெடுத்து வைத்தார்கள். நானும் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டேன். கார் ஒரு திசை, கண் ஒரு திசை.

“பார்த்தேளா, கார்கூட முதுகு காட்டாம சேவிச்சிண்டே போறது,” என்று யாரோ உருகினார். ஜனம் விலகி வழிவிட்டது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலை நெருங்கியும்விட்டேன். அப்போது பல்லக்கு நின்று கற்பூர ஆரத்தி காட்டினார்கள். வீதியில் இருந்த அத்தனை கையும் தலைக்கு மேல் போயிற்று. என் கையும் போயிற்று. இரண்டும். ஆரத்தி என்றால் எழுந்து நிற்க வேண்டுமே, எழுந்தேன். எழுந்தது ஆக்ஸிலேட்டர் மேல்.

சத்தம் அடங்கியபோது ஒரே புழுதி. காரின் பின்பாதி ஆஸ்பத்திரிக்குள் இருந்தது, முன்பாதி வீதியில். பின்னால் திரும்பிப் பார்த்தேன். (இப்போது தாராளமாகப் பார்க்கலாம்.) புழுதிக்குள் ஒரு பெண், ஒரு கையில் மருந்து பாட்டில், மறு கையில் பாட்டில் கழுவும் பிரஷ், அப்படியே நின்றாள். உறையூர்க்காரி, பெயர் தனம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவள் என்னிடம் முதல் முதலாகப் பேசியது இதுதான்:

“வாசல் அந்தப் பக்கம் இருக்குங்க.”

வெளியே யானை பதறாமல் பூவன் தாரை முடித்துக்கொண்டிருந்தது. பானெட்டை ஒன்றும் செய்யவில்லை.

டாக்டர் வரதாச்சாரியார் ஓடி வந்தார். நெற்றியில் திருமண், கழுத்தில் ஸ்டெதஸ்கோப். அவர் வாயைத் திறக்கும் முன் ஊரே அவரைச் சூழ்ந்துகொண்டது. “ஸ்வாமி, உம்ம டிரைவர் மகா பக்தர். சுவரே இடிஞ்சாலும் பெருமாள்மேல வெச்ச கண்ணை எடுக்கலை.” டாக்டர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, காருக்குள் கைவிட்டுக் கியரை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. என் பக்கம் குனிந்தார்.

“மாட்டிண்டுடுத்தாக்கும்?”

“ஆமாங்க சாமி. நான் போயிடறேங்க.”

“எங்க போறீர்? இந்த ஊர் இனிமே வேற டிரைவரை ஏத்துக்குமா? உள்ளே வாரும். கியர் சமாசாரம் உமக்கும் எனக்கும் பெருமாளுக்கும் தெரிஞ்சா போறும்.”

“சுவருங்க?”

“கார் நிறுத்த இடம் எங்கேன்னு நேத்துலேர்ந்து யோசிச்சிண்டிருந்தேன். நீரே காட்டிட்டீர்.”

அந்த ஓட்டையைச் சரிசெய்து கதவு போட்டு, அதையே கார் கொட்டகை ஆக்கினார்கள். செங்கல் ராவுத்தர் அனுப்பினார். பார்க்க வந்தபோது தாடியைத் தடவிக்கொண்டார்.

“அடடா, ரிவர்ஸ் போட்டா மாட்டிக்கும்னு சொல்லலியா நானு? எங்க வீட்டுல குருவியை நேரா உள்ளே விட்டுருவோம். வெளியே எடுக்கணும்னா ஆளுங்கதான் தள்ளுவாங்க.”

பொன்மலைப் பட்டறை ஃபிட்டர் ஒருவர் கியரைச் சரிசெய்தார். குருவி ஓய்கிற வரை, அதாவது பல வருஷம், நான் அதை ஓட்டினேன். ராத்திரி படுக்கை அந்தக் கொட்டகையில். கொள்ளிடக்கரையில் சில குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வரப் பொறுக்காமல் அதன் பின் சீட்டிலேயே பிறந்தன. ஆனால் புறப்பாடு என்றால் வீதிக்காரர்கள் வந்துவிடுவார்கள், காரை ரிவர்ஸிலேயே ஓட்டிச் சேவிக்க வேண்டும் என்று. “ஊர் ஆசைப்படறது, போய்ட்டு வாரும்” என்பார் டாக்டர், சிரிக்காமல். அப்படி முதல் தடவை நான் ரிவர்ஸ் போட்டபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“வரலாம், வரலாம்... கொஞ்சம் ஒடிங்க... வரலாம்.”

தனம். பாட்டில் பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டு நின்றாள். எங்கேயும் தங்காத நான் அந்த ஊரிலேயே தங்கிவிட்டதற்கு அந்தக் குரல்தான் காரணம். அடுத்த வருஷம் கல்யாணம்.

இப்போதும் கோயிலுக்குப் போனால் சேவித்துவிட்டுச் சட்டென்று திரும்ப மாட்டேன். சந்நிதியைப் பார்த்தபடியே நாலடி பின்னால் நடப்பேன். பேரப்பிள்ளைகள் அதற்குள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். அவர்களை ஏமாற்றாமல் தனம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொல்வாள்:

“வரலாம், வரலாம்... போதும், சுவர்.”