மறுக்கா அண்ணாச்சியின் இரண்டாவது டெஸ்ட்

கோவில்பட்டியில் அவரைப் போலொரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. இன்னொருவர் பிறந்தால் ஊர் தாங்காது. தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே டெக்னீஷியனாக இருந்தவரை எல்லோரும் ‘மறுக்கா அண்ணாச்சி’ என்போம். எதையும் மறுக்கா, அதாவது இன்னொரு தரம், பார்க்காமல் நம்பமாட்டார்.

விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினால் டிரைவரிடம் கேட்பார், கண்டக்டரிடம் கேட்பார், பக்கத்து சீட்டுக்காரரிடமும் கேட்பார். ஒருமுறை இறங்கிப் போய் போர்டைப் பார்த்துவிட்டு வருவதற்குள் பஸ் போயேவிட்டது. “போர்டு சரியாத்தாம்லே போட்டிருந்தான்” என்று திருப்தியோடு நடந்து வந்தார்.

எய்ட்ஸ் விளம்பரம் சுவருக்குச் சுவர் இருந்த காலம். ஆட்டு வியாபாரியும் வருவார், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியும் வருவார். “சுகர் பாக்கணும்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, “அப்படியே அந்த டெஸ்டும்…” என்று துண்டுக்குள் முனகுவார்கள். அண்ணாச்சி சிரிக்கமாட்டார். ஒரே சோதனையை வைத்து யாருக்கும் ‘இருக்கு’ என்று சொல்லவும் மாட்டார். ரிப்போர்ட் தாமதமாகிறதென்று முதலாளி திட்டுவார். நான் கேலி பண்ணுவேன்.

ஒருநாள் என் கேலி நின்றுபோனது. என் மனைவி செல்வி ஐந்து மாதக் கர்ப்பிணி. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுபோல அவளுக்கும் உடலுறவால் தொற்றும் மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல். சோதனை செய்திருந்தார்கள். டைப் அடிக்க எடுத்த ரிப்போர்ட் கட்டுக்குள் அவள் பெயர்ச் சீட்டு இருந்தது: ‘லேசான பாசிட்டிவ்’. சீட்டோடு அண்ணாச்சியிடம் ஓடினேன்.

அண்ணாச்சி சீட்டைப் பிடுங்கினார். “இது டைப் அடிக்கதுக்கு இல்லலே. கர்ப்பத்துல சில நேரம் இந்த டெஸ்டு பொய்யாக் காட்டும். திருநெல்வேலியில வேற டெஸ்டு இருக்கு, அங்கன குடுத்துப் பாப்போம். நீ கைய நீட்டு.”

செல்வியை வரச்சொல்லி, அவளிடமும் அவரே பக்குவமாக விவரம் சொல்லி, மறுபடி ரத்தம் எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. எனக்கு இல்லையென்றால் அவளுக்கு எப்படி? அந்தக் கேள்வி வீட்டுக்குள் மூன்றாவது ஆளாக நடமாடியது.

“மூணு நாளா எம்மொகத்தப் பாத்துப் பேசமாட்டேங்குதீங்க. என்னயச் சந்தேகப்படுதீங்களா?” என்றாள் செல்வி.

“இல்ல” என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

வேலைக்குப் போய் அண்ணாச்சியிடம் புலம்பினேன். “எனக்கு இல்லியே அண்ணாச்சி. அப்போ…”

“ஏலே, மைக்ராஸ்கோப்புல பாத்த எனக்கே முடிவு தெரியல. நீ வெறுங்கண்ணால கண்டுபிடிச்சிட்டியோ?”

நான்காம் நாள் முடிவை வாங்கி வர அவரே போனார். மதியம் ஸ்டேஷனிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கவரை வாங்க நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் அதைச் செல்வியிடம் கொடுத்தார்.

“ஒனக்கு ஒண்ணுமே இல்ல தாயி. பிள்ளைக்கும் பயமில்ல.”

செல்வி கவரைப் பிரிக்காமலே அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு, “நான் வாரேன்” என்று கிளம்பிவிட்டார்.

செல்வியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. என் கையைக் கடந்து அவள் கைக்குப் போன அந்தக் கவரை நினைத்தால், அந்த மனுசர் மேல் இன்றைக்கும் பிரியம் பொங்கிக்கொண்டு வருகிறது.