சலுகை அதிகாரிக்குச் சுட்ட வடை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாகப் பொன்னெழுத்துகளில் பொறிக்கவேண்டிய நாள், 'மருத்துவர் கட்டணச் சலுகைத் திட்டம்' சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்துக்கு வந்துசேர்ந்த நாள்தான். ஏழைகள் டாக்டரிடம் போனால் பாதிக் கட்டணத்தை அரசாங்கமே கொடுத்துவிடும். ஏழைதானா என்பதை மட்டும் ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து 'கண்ணால் கண்டு' உறுதிசெய்வார்.

பிலோமினம்மாளின் புருஷன் சவரிராஜ் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். இரண்டு மாதமாக இருமல். இப்போது அவரையே யாராவது தூக்கினால் தேவலை என்ற நிலை. அதிகாரி வருவதாகக் கடிதம் கிடைத்ததும், பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வரும்போது என்ன செய்வாளோ அதையே பிலோமினம்மாள் செய்தாள். மாடிவீட்டு வேலாயுதத்தின் டிவி இறங்கி வந்தது. எதிர்வீட்டு ருக்கையாவின் குஷன் நாற்காலி வந்தது.

"அக்கா, அரசாங்க ஆள் லா! வெறுங்கழுத்தோடயா நிப்பீங்க?" என்று ருக்கையா தன் தங்கச் சங்கிலியையும் கழற்றி மாட்டிவிட்டாள்.

"நான் இருமலாமா, கூடாதா?" என்று கேட்டார் சவரிராஜ்.

"பெரியவங்க முன்னால இருமாதீங்க. மரியாதையா இருக்காது."

அதிகாரி தனசேகரன் வந்தார். நாற்காலியில் அமிழ்ந்தார். இஸ்திரி போட்ட சட்டையில், அடக்கிய இருமலால் சிவந்த முகத்தோடு சவரிராஜ் புன்னகைத்தார்.

"நல்லாத்தானே இருக்கீங்க?"

"ஆண்டவர் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல சார்," என்று பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டாள் பிலோமினம்மாள். "இன்னும் ரெண்டு வடை வைக்கட்டா?"

"ட்யூட்டில இருக்கேன்மா, கூடாது. சரி, மூணா வைங்க."

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: 'தொலைக்காட்சி: உண்டு. தங்கம்: உண்டு. நோய்: தென்படவில்லை. வடை: தாராளம். சலுகை தேவையில்லை.'

பிலோமினம்மாள் அலுவலகத்துக்கு ஓடினாள். "ஐயா, டிவி வேலாயுதம் அண்ணனோடது, சங்கிலி ருக்கையாவோடது! இருமல் மட்டுந்தான் எங்களோடது!"

"தனசேகரன் சார் எழுதினத அவர்தான் மாத்தணும்," என்றார் குமாஸ்தா. "அவர் டாக்டர்கிட்ட போயிருக்காரு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுலேர்ந்து ஒரே வயித்துவலி."

"ஐயோ பாவம். காசு?"

"ட்யூட்டில வந்த வலி லா. முழுசும் நம்ம திட்டத்துலேர்ந்தே."

ஆகவே திட்டம் தோற்றுவிட்டது என்று யாரும் நாக்கூசாமல் சொல்லக்கூடாது. வடை தின்ற அதிகாரியை அது முழுச் செலவில் குணப்படுத்தியிருக்கிறது. வடை சுட்ட வீட்டில் மட்டும், மரியாதை காட்டவேண்டிய பெரியவர் யாரும் இனி வரப்போவதில்லை என்பதால், சவரிராஜ் வாய்விட்டே இருமிக்கொண்டிருக்கிறார்.