எதிர்வீட்டுப் பேப்பர்

கதாசிரியர் ஆறு மணிக்கு எழுந்தார். வழக்கம் பத்து. பல் தேய்த்தார். அடுப்பில் வெந்நீர் வைத்தார். கதவைத் திறந்து, இரண்டு வாசல்களுக்கும் நடுவில் கிடந்த எதிர்வீட்டுப் பேப்பரைத் திருடினார்.

அந்த மாடியில் இருப்பதே இரண்டு வீடு. எப்போது பார்த்தாலும் பேப்பரும் கையுமாக இருப்பவர் எதிர்வீட்டு டீச்சரம்மா.

திருட்டுக்குக் காரணம் டைரக்டர். "மூணு கொலை எழுதியிருக்கீங்க, ரத்தம் ஆறா ஓடுது. ஆனா ஒரு நல்லவன் முதல் தப்பைப் பண்றப்போ உள்ள என்ன ஆகும்? அது உங்களுக்கே தெரியலையே! வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த சீன் வரலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

உள்ளே என்ன ஆகிறது என்று சோபாவில் உட்கார்ந்து கவனித்தார். ஒன்றும் ஆகவில்லை. விளையாட்டுப் பக்கத்தைப் படித்தார்.

ஏழு மணிக்கு டீச்சரம்மாவின் குரலில் மாடிப்படி அதிர்ந்தது.

"லைட் அணைக்க வந்தவன் பேப்பரையும் சேர்த்து அள்ளிட்டியா?"

"எம் புள்ளைங்க மேல சத்தியமா இல்லம்மா!" வாட்ச்மேன் அழாத குறை.

கதாசிரியருக்கு வயிற்றைப் பிசைந்தது. அட, இதுதானா! 'முதலில் வயிறு' என்று நோட்டில் குறித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பேப்பர்காரர் போட மறந்திருப்பார் டீச்சர். போன் பண்ணிக் கேளுங்களேன்."

"அதெல்லாம் வேணாம்!" டீச்சரம்மா வெடுக்கென்று சொன்னார். "பாவம், அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

கதாசிரியர் கடைக்கு ஓடி, புதுப் பேப்பர் ஒன்றை வாங்கிவந்து டீச்சரம்மாவின் கதவடியில் சத்தமில்லாமல் செருகினார்.

"பாத்தீங்களா! நான் போட்ட சத்தத்துல பயந்துபோய்த் திருப்பி வெச்சிட்டான்!" டீச்சரம்மா பேப்பரை ஆட்டிக் காட்டினார்.

குடியிருப்புச் சங்க செக்ரெட்டரிக்குப் போன் பறந்தது. பத்தாவது நிமிஷம் வாட்ச்மேன் சீருடைச் சட்டையைக் கழற்றி, படியிலேயே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்.

கதாசிரியரின் கதாநாயகனாக இருந்தால் இந்த இடத்தில் வாட்ச்மேனுக்கு எதிராகச் சாட்சியே சொல்லியிருப்பான். கதாசிரியர் டீச்சரம்மாவின் முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், உங்க பேப்பரைத் திருடினது நான். போலீசைக் கூப்பிடறதுன்னாலும் கூப்பிடுங்க."

டீச்சரம்மா வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"சட்டையைப் போட்டுக்கிட்டுக் கீழ போப்பா. செக்ரெட்டரிகிட்ட நான் பேசிக்கறேன்" என்று வாட்ச்மேனை அனுப்பினார். காலடிச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கத்தாதீங்க சார். அது உங்க வீட்டுக்கு ஓனர் பணம் கட்டி வரவழைக்கற பேப்பர். நீங்க குடிவந்த நாள்லேர்ந்து நான்தான் திருடிட்டிருக்கேன்."