கட்அவுட்டுக்கு வேலை கொடுத்த மேலாளர்

நவம்பர் மேலாளர் என்று ஓர் இனம் உண்டு. பிரேசிலில் எங்கள் சால்வதோர் நகரத்தில் எந்த மாலுக்குள் நுழைந்தாலும் பார்க்கலாம். பதினொரு மாதம் சாதாரண மனிதராகவே நடமாடுவார். கறுப்பின மக்களின் நாள் வருகிற நவம்பர் பிறந்துவிட்டால் மட்டும் அவருக்குள் சமத்துவம் பொங்கிவிடும். பொங்கினால் என்ன செய்வார்? போஸ்டர் அடிப்பார்.

என் காபிக் கடைக்கு எதிரே செருப்புக் கடை வைத்து நடத்தும் எவாந்த்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுப் பேர் கறுப்பாக இருக்கிற ஊரில், அவர் கடைக்குள் நுழைந்தால் மட்டும் வழி தவறி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். கேட்டால் நெஞ்சில் கை வைத்து, தன் கண்ணுக்கு நிறமே தெரியாது என்பார், தன் கொள்ளுத்தாத்தாவே நல்ல கறுப்பு என்பார், கறுப்பர்கள் யாரும் வேலை கேட்டு வருவதில்லையே, தான் என்ன செய்ய என்பார். கதவில் 'விற்பனைக்கு ஆள் தேவை, நல்ல தோற்றம் அவசியம்' என்று தொங்கும். எது நல்ல தோற்றம்? அதை மட்டும் எழுத மாட்டார். எல்லோருக்கும் தெரியும்.

ஜுசாரா அந்த விற்பனை வேலையைக் கேட்டாள், மூன்று முறை. மூன்று வருடமாகப் பின்னாலுள்ள கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள். எந்தச் செருப்பு எந்தக் காலைக் கடிக்கும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி. மூன்று முறையும் அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். இந்த நவம்பரில் அவரே கிடங்குக்குள் வந்தபோது, கடைசியில் தனக்கு முன்கடை கிடைத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கேட்டது போட்டோ. மாடலுக்கு ஆகும் செலவு மிச்சம்.

ஆளுயரக் கட்அவுட் வாசலில் ஏசிக் காற்றில் நின்றது. சிரிக்கும் ஜுசாரா, கீழே 'இங்கே எல்லோருக்கும் இடமுண்டு'. நிஜ ஜுசாரா ஃபேன்கூட இல்லாத கிடங்கில் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஒரு வயதான அம்மாள் வந்து உட்கார்ந்து, வாசலில் நிற்கிற பெண்தான் தனக்குச் செருப்பு எடுத்துக் காட்ட வேண்டும் என்றார். அது சாவோ பாவ்லோ நகரத்து மாடல் என்று எவாந்த்ரோ கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜுசாரா கை நிறையப் பெட்டிகளோடு வந்து நின்றாள்.

"நான்தாம்மா அது," என்றாள். பிறகு எவாந்த்ரோ பக்கம் திரும்பினாள். "என் படம் நிக்கிற எடத்துல நான் நிக்கக் கூடாதா சார்?"

"நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. வீட்டுப் பொண்ணைக் கொண்டுபோய் வாசல்லயா நிறுத்துவாங்க?"

டிசம்பர் முதல் தேதி அந்த இடத்துக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிட்டார். கட்அவுட்டை உள்ளே போடச் சொல்லி ஜுசாராவையே கூப்பிட்டார் எவாந்த்ரோ. தன்னைத் தானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கிடங்குக்குப் போனாள். என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை நன்றாகத் திட்டுங்கள், தப்பே இல்லை. நானும் வாய் வலிக்கத் திட்டினேன். போன வாரம் ஒரு ஜோடி வாங்க அங்கே போனேன். விற்பனைப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜுசாரா எதிரே வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "கடையில யாரும் இல்லையா?" என்றேன்.

நீங்கள் அப்படிக் கேட்டதே இல்லை என்றால் சந்தோஷம். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, எதிரே நிற்பவரைத் தாண்டி உங்கள் கண் யாரைத் தேடுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.